ராசியான கார்டு

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் டீச்சர். பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன், உங்களுக்கு இடைஞ்சல் இருக்காது. முன் சீட்டில்தான் இருந்தேன். அந்தப் பக்கம் வெயில். வெயில் மட்டும் காரணமில்லை. நீங்கள் டிக்கெட் எடுக்கும்போது 'கொன்றையூர் விலக்கு ஒன்று' என்று சொன்னது காதில் விழுந்தது. அதுதான் எழுந்து வந்தேன். டீச்சர் என்று எப்படித் தெரிந்ததா? மடியில் விடைத்தாள் கட்டு, விரலில் சிவப்பு மை. பஸ்ஸில் யார் என்ன பேசுகிறார்கள், யாரை யார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனிப்பது எனக்குப் பழைய பழக்கம். ஒரு காலத்தில் அதுதான் என் தொழில்.

உங்கள் பெயர் என்ன? சரி, அப்புறம் சொல்லுங்கள்.

மணி என்ன ஆகிறது? மூன்று ஐந்தா? திருப்பத்தூரிலேயே கால் மணி நேரம் நிறுத்திவிட்டான். ஐந்தரைக்கு நான் மதுரையில் இருக்க வேண்டும். என் பெயர் பரஞ்சோதி, கா. பரஞ்சோதி. 'நீலாம்பரி நாடக சபா' என்று ஒரு படம், உங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்வார்கள். பதினோரு பாட்டு. அந்தப் படத்துக்கு ஐம்பதாவது வருஷம் என்று இன்று விழா எடுக்கிறார்கள். பழைய பிரதியைக் கழுவித் துடைத்துப் புதிதாக்கி மறுபடி திரையிடுகிறார்கள். பிறகு மேடை, மாலை, பெயர் வாசிப்பு. நான் அதற்குத்தான் போகிறேன்.

நேர்ப் பஸ்ஸில் போயிருக்கலாமே என்கிறீர்கள். போயிருக்கலாம். காரைக்குடியில் அதுவும் நின்றது. இதில் ஏறிவிட்டேன், அவ்வளவுதான்.

'உப்பளத்து நிலா' தெரியுமல்லவா? அந்தப் படத்து ஜோடிப் பாட்டு. ஆ, பார்த்தீர்களா, உங்களுக்கே தெரிகிறது. உங்கள் வயதுக்குத் தெரிய வேண்டிய பாட்டே இல்லை அது. அதை எழுதியவர் வேறு, மெட்டுப் போட்டவர் வேறு, பாடியவர்கள் வேறு. ஆனால் அதை ஊர் வாயில் ஏற்றியது நான். சத்தியமாக நான்தான்.

படத்தில் ஹீரோ புதுமுகம், ஹீரோயின் புதுமுகம். விநியோகஸ்தர் யாருமே தொட மாட்டேன் என்றார்கள். முதலாளி வஜ்ரவேலு என்னைக் கூப்பிட்டார். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. "பரஞ்சோதி, என் கையில இருக்கிறது இந்தப் பதினோரு பாட்டுதாம்ப்பா. தீபாவளிக்குப் படம். அதுக்குள்ள டீக்கடை டீக்கடையா இந்தப் பாட்டு ஓடணும். இல்லேன்னா நான் திண்டிவனத்துக்கு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்" என்றார்.

அந்தக் காலத்தில் பாட்டு ஓட வேண்டுமென்றால் ஒரே வழிதான். கடல் தாண்டி ஒரு தமிழ் வானொலி. பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு நேயர் விருப்பம். நேயர்கள் கார்டு போடுவார்கள், இன்ன பாட்டு வேண்டும் என்று. எந்தப் பாட்டுக்குக் கார்டு அதிகமோ அது வரும். பாட்டுக்கு முன்னால் ஊர் பெயரும் ஆள் பெயரும் வாசிப்பார்கள். தன் பெயர் வருமா என்று ஊரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்.

ஆகஸ்டில் இசைத்தட்டு அங்கே போய்விட்டது. வெளியே வராத படத்தின் பாட்டை யார் கேட்டு எழுதுவார்கள்? நான்தான் எழுத வேண்டும்.

முதல் தடவை எண்பது கார்டு எழுதினேன். கோடம்பாக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரே நாளில். ஒன்றுகூட வாசிக்கவில்லை. எங்கள் விளம்பரக் கம்பெனியில் எத்திராஜு என்று பெரியவர் ஒருவர், பழைய புலி. அதே மாதிரி அடுத்த வாரத்துக்கு நான் எழுதி வைத்திருந்த கார்டுகளைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏன்டா, பொற்கொடி, மலர்விழி, வெண்ணிலா... ஊர்ல ஒரு முனியம்மாகூட பாட்டுக் கேட்க மாட்டாளா? எண்பது பேருக்கும் ஒரே கையெழுத்து, ஒரே தபால் முத்திரை. படிக்கிறவங்க என்ன கேனையா?"

அவர்தான் தொழிலைச் சொல்லிக் கொடுத்தார். பெயரைக் கற்பனை பண்ணாதே, பஸ்ஸில் ஏறு, காதில் விழுகிற பெயரை எடு. வலது கையில் பாதி எழுது, இடது கையில் பாதி எழுது. ஒன்றில் எழுத்துப் பிழை விடு, ஒன்றில் குழம்புக் கறை வை. ஒவ்வொரு ஊர்ப் பெட்டியிலும் இறங்கிப் போடு. அப்புறம் ஒரு கண்டிப்பான விதி: மேலூரில் கேட்ட பெயரைத் திருப்பத்தூரில் போடு, திருப்பத்தூரில் கேட்டதைச் சிவகங்கையில் போடு. கேட்ட ஊரிலேயே போடாதே. "அங்க உசுரோட ஒரு ஆள் இருக்கும்டா, அதை மறந்துறாதே" என்றார்.

மறக்கவில்லை டீச்சர். ஒரே ஒரு நாள்தான்.

இந்தத் தடத்தில்தான். அப்போது இங்கே ஒரு தனியார் பஸ் ஓடியது, காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று நடை. அதில் கடைசி சீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே வந்தேன். நாற்பது கார்டு முடிக்க வேண்டும். கொன்றையூர் விலக்கில் ஒரு சிவப்புப் பெட்டி உண்டு. இப்போதும் இருக்கிறதா? நல்லது. நாலு மணிக்குத் தபால் எடுத்துவிடுவான். மணி மூன்றே முக்கால். முப்பத்தொன்பது முடிந்துவிட்டது, ஒன்றுதான் பாக்கி. பெயர் தோன்றவில்லை. முன்னால் ஒரு பெண், புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் சிநேகிதி கூப்பிடுகிறாள், "கோமளவல்லி, இங்க வாடி, இடம் இருக்கு." அதே நேரம் டிரைவர் கத்துகிறார், "சந்தனராஜ், பின்னால ஆள் ஏறுது, பாரு." சந்தனராஜ்தான் கண்டக்டர். எழுதிவிட்டேன். 'உப்பளத்து நிலா. விரும்பிக் கேட்பவர்கள்: கோமளவல்லி, சந்தனராஜ். கொன்றையூர்.' இறங்கி அங்கேயே பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பதில் எது வந்தது தெரியுமா? அதுதான். முதன்முதலாக எங்கள் படத்துப் பாட்டு காற்றில் வந்தது அந்தக் கார்டால்தான். முதலாளி துள்ளிக் குதித்தார். மறுநாளே ஒரு விநியோகஸ்தர் போன் போட்டு மதுரை ஏரியாவைக் கேட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்த ரெண்டு பேரும் ராசிக்காரங்கப்பா. மாத்தாதே. வாரா வாரம் அதே பேர்ல ஒரு கார்டு போகணும்" என்றார்.

சினிமாக்காரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. முதல் நாள் ஷூட்டிங்கில் போட்டிருந்த சட்டையைப் படம் முடியும் வரை துவைத்துத் துவைத்துப் போடுகிற ஆள் அவர். ராசி என்றால் ராசிதான், அதை எதிர்த்துப் பேச முடியாது. மற்றக் கார்டுகளில் பெயர் மாறும், அந்த ஒரு கார்டு மட்டும் மாறாது. கொன்றையூர் விலக்கில் இறங்கிப் போட்டுவிட்டு வருவேன். இரண்டாவது வாரமும் வந்தது. மூன்றாவது வாரமும். வாசிக்கிற அம்மாவுக்கே அந்தப் பெயர்கள் பழகிவிட்டன. ஒரு தடவை, "கொன்றையூரின் அந்த இருவரும் இந்த வாரமும் நம்மோடு" என்று சொன்னார், கேட்கவே இனிமையாக இருந்தது. மொத்தம் பதினோரு வாரம், ஒரு வாரம் தவறாமல்.

எங்கே வந்திருக்கிறோம்? கண்டக்டர், இது எந்த ஊர்ப்பா? சரி, சரி, இன்னும் இருக்கிறது.

நீங்கள் அங்கே எத்தனை வருஷமாக வேலை பார்க்கிறீர்கள்? ஏழு வருஷமா? அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோமளவல்லி என்று... இப்போது எழுபது வயதை நெருங்கியிருக்க வேண்டும்... இருக்கிறாரா? உங்கள் பள்ளிக்கூடத்திலா? ஓ, சத்துணவுக் கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்தாரா. ஓய்வு பெற்றுவிட்டாரா. சரி. நல்லது. சத்துணவுக் கூடமும் பள்ளிக்கூடத்துக்குள்தானே இருக்கிறது. டீச்சர் டிரெயினிங் போக வேண்டியவர் என்று கேள்விப்பட்டேன், எப்படியோ பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார் பாருங்கள்.

இல்லை, நான் சிரிக்கவில்லை.

எப்படிக் கேள்விப்பட்டேன் என்றால், அந்தச் சந்தனராஜ் வந்து சொன்னான். படம் வெளிவர ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானம். மதுரையில் விநியோகஸ்தர் ஆபீசில் நான் போஸ்டர் எண்ணிக்கொண்டிருக்கிறேன். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, இரண்டு நடைக்கு நடுவில் ஓடி வந்திருக்கிறான்.

"அண்ணே, கடைசி சீட்ல உட்கார்ந்து இடது கையால எழுதிக்கிட்டு வருவீங்களே, அது நீங்கதானே?"

"என்னது? எந்த சீட்டு?" என்றேன்.

"வாரா வாரம் டிக்கெட் கிழிச்சுக் கொடுத்தவன் நான். ஆள் மறக்குமா? போன வாரம் உங்க பையில இந்தப் படத்து நோட்டீஸ் எட்டிப் பார்த்துச்சு. அதை வச்சுத்தான் விசாரிச்சு வந்தேன்."

உட்காரச் சொன்னேன். காப்பி வரவழைத்தேன். குடிக்கவில்லை.

"அண்ணே, அந்தப் பொண்ணும் நானும் இதுவரைக்கும் பேசுனது என்ன தெரியுமா? 'கொன்றையூர் ஒண்ணு.' 'சில்லறை வச்சிருக்கியாம்மா?' அவ்வளவுதான். இப்ப ஊர்ல சின்னப் பசங்ககூட பஸ்ஸைப் பார்த்தா அந்தப் பாட்டைப் பாடுறானுக. அவ மாமா மகனுக்குப் பேசி வச்சிருந்தாங்க, அவங்க வேண்டாம்னுட்டாங்க. அவங்க அப்பா புஸ்தகத்தையெல்லாம் கட்டிப் பரண்ல போட்டுட்டார். டிரெயினிங்குக்கு இடம் கெடச்ச பொண்ணுண்ணே."

"சரி, அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒரு கார்டு. இத்தனை போட்டீங்க, இன்னும் ஒண்ணு போடுங்க. அந்தப் பேருல எழுதுனது வேற ஆளு, அவங்களுக்குச் சம்பந்தம் இல்லைன்னு. அந்த அம்மா அதை வாசிக்கட்டும். ரேடியோவுல வந்த பேரு ரேடியோவுலதாண்ணே போகும். நான் சொன்னா எவன் நம்புவான்?"

நியாயமாகத்தான் கேட்டான். நான் மறுக்கவில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். கார்டெல்லாம் நாங்கள் எழுதினது என்று தெரிந்தால் வானொலியில் பதினோரு பாட்டையும் நிறுத்திவிடுவார்கள். ஒன்பது நாளில் படம். முதலாளி திண்டிவனம். அவனுக்கு அதெல்லாம் புரியுமா? "படம் வரட்டும்ப்பா. வந்த மறுநாளே எழுதுறேன்" என்றேன். "சத்தியமா?" என்றான். "சத்தியமா" என்றேன். மடக்மடக்கென்று அந்த ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டுப் போனான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் வந்தன அந்தப் பெயர்கள். அது ஏற்கனவே போய்ச் சேர்ந்த கார்டு, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? திங்கட்கிழமை போட்டதுதான் கடைசி. ஆமாம், அவன் வந்து போன பிறகுதான். அதுதான் சொன்னேனே டீச்சர், ராசி. முதலாளி அன்று காலையும் போனில் கேட்டார், போட்டாச்சா என்று. பத்து வாரம் போட்டதைப் படம் வரும் வாரத்தில் விட முடியுமா? இந்த விலக்கில் இறங்காமல் மேலூரிலேயே போட்டேன். அந்த அளவுக்கு எனக்கும் மனசாட்சி உண்டு.

படம் வந்தது. முதல் நாளே தியேட்டரில் 'உப்பளத்து நிலா'வுக்கு மொத்த ஜனமும் கூடச் சேர்ந்து பாடியது. புதுப் படம், முதல் காட்சி, ஜனத்துக்குப் பாட்டு மனப்பாடம்! திரைக்குப் பக்கத்தில் நின்று நான் ஜனங்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி ஒரு காட்சியை வாழ்க்கையில் நான் அப்புறம் பார்த்ததில்லை.

மறுநாள் எழுதலாம் என்று நினைத்தேன். ஐம்பது நாள் ஆகட்டும் என்று தோன்றியது. ஐம்பது நாள் ஆனது. நூறு நாள் ஆகட்டும், அப்போது யார் என்ன செய்துவிட முடியும் என்று தோன்றியது.

நூறாவது நாள் விழா நடந்தது டீச்சர். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன், பேச்சு எங்கேயோ போய்விட்டது. மேடையில் கேடயம் கொடுத்தார்கள். நடிகர்களுக்கு, பாடகர்களுக்கு, நடனக்காரர்களுக்கு. லைட் பிடித்தவருக்குக் கேடயம். சுவரில் போஸ்டர் ஒட்டிய மாயாண்டிக்குக் கேடயம். பசை வாளியோடு திரிந்த ஆள் அவன்! நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார்கள். எழுந்து நிற்கத் தயாராக நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டேன். கடைசிப் பெயரும் வாசித்தாகிவிட்டது. கா. பரஞ்சோதி வரவில்லை. முதலாளியிடம் போய்க் கேட்டேன். "டைப் அடிச்சவன் விட்டுட்டாம்ப்பா" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! ஒரு மனிதனுடைய பெயர் அது. சபையில் வர வேண்டிய இடத்தில் வராமல் போனால் அவன் என்ன ஆவான் என்று யோசிக்க வேண்டாமா? ஒரு வாரம் நான் சாப்பிடவில்லை. தூங்கவில்லை. அந்த மனநிலையில் யாருக்குக் கார்டு ஞாபகம் வரும், நீங்களே சொல்லுங்கள்.

ஐம்பது வருஷம். இன்றைக்கும் அந்தப் பட்டியல் காதில் கேட்கிறது.

மணி என்ன? மூன்று நாற்பதா? ஏன் இப்படி உருட்டுகிறான்?

இன்று வாசிப்பார்கள் என்று நம்பிக்கை இருக்கிறது. பழைய பாடல் ரசிகர்கள் சேர்ந்து நடத்துகிற விழா. அழைப்பு என்று ஒன்றும் வரவில்லை. செயலாளர் போனில், "வாங்க ஐயா, பார்ப்போம்" என்றார். இருந்தாலும் நான் சும்மா இருக்கவில்லை. முப்பத்திரண்டு கடிதம் போயிருக்கிறது அவர்களுக்கு. தேவகோட்டை, புதுக்கோட்டை, அறந்தாங்கி, பல ஊர்களிலிருந்து. 'உப்பளத்து நிலாவை எங்கள் காதுக்குக் கொண்டுவந்த கா. பரஞ்சோதியை மேடையில் கௌரவிக்க வேண்டும்.' யார் போட்டதா? நேயர்கள்தான். சிரிக்காதீர்கள். இரண்டு கையும் இன்னும் எழுதுகிறது.

அவர் எப்படி இருக்கிறார், அந்த அம்மா? தனியாகவா? கல்யாணமே... ஓ. ஆனால் அது அவரவர் விதி டீச்சர். ஒரு பாட்டுக்காக ஒரு வாழ்க்கை போகுமா? வேறு காரணம் இருந்திருக்கும். சந்தனராஜை அந்த வருஷமே பஸ் முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார் என்று கேள்வி. சூரத் பக்கம் போனானாம். திரும்பி வந்தானா? வரவே இல்லையா.

என்ன சொன்னீர்கள்? ஆண்டு விழாவிலா? பிள்ளைகள் 'உப்பளத்து நிலா'வுக்கு ஆடினார்களா! பாட்டு ஆரம்பித்ததும் அந்த அம்மா எழுந்து போய்விட்டாரா? சமையல் கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாரா? பாட்டு முடிந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாரா?

பார்த்தீர்களா. அந்தப் பாட்டுக்கு அவ்வளவு சக்தி. மனதைப் பிசைந்துவிடும்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நானும் நினைக்காமல் இல்லை. இன்று காலை நினைத்தேன். சபையில் என் பெயரை வாசிக்கும்போது உள்ளே எதுவும் உறுத்தக் கூடாது என்று. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். இதோ, சட்டைப் பையில். சந்தனராஜ் கேட்டது ஒரு கார்டுதானே? இதோ அந்தக் கார்டு. வானொலிக்கு இல்லை, நேராக அந்த அம்மாவுக்கே. இருக்கிறாரோ இல்லையோ என்றுதான் பெயரும் ஊரும் மட்டும் போட்டேன். நீங்கள் இறங்கும்போது அந்தப் பெட்டியில் போட்டுவிடுங்கள். இல்லை, கையிலேயே கொடுத்தாலும் சரி. யார் கொடுத்தது என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

படியுங்கள், பரவாயில்லை. கண்ணாடி இல்லையா? நானே வாசிக்கிறேன். 'கோமளவல்லிக்கு வணக்கம். அந்தக் காலத்தில் வானொலியில் நம் இருவர் பெயரும் வந்தது தவறு. நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ஒரு படக் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவசரத்தில் எழுதிவிட்டார். அவர் நல்ல மனிதர். அவருக்கு வேறு வழி இல்லை. மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இப்படிக்கு, சந்தனராஜ்.'

என்ன டீச்சர்?

வேறு யார் பெயரைப் போடுவது? அவன் சொன்னால் அந்த அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும். முன்பின் தெரியாத ஒரு பரஞ்சோதி எழுதினால் யார் அது என்று குழம்புவார். இடது கை எழுத்து, கொஞ்சம் கோணல். வயதான கண்டக்டர் எழுதினது மாதிரியே இருக்கும். நான் யோசித்துத்தான் செய்திருக்கிறேன்.

பேனாவா? எதற்கு? என் பெயரா? இதிலா?

அதை அடித்துவிட்டு எழுத வேண்டுமே. அடித்தால் கார்டு அசிங்கமாகிவிடும். வேறு கார்டு கையில் இல்லை. வண்டி வேறு இப்படிக் குலுங்குகிறது. கொஞ்சம் பொறுங்கள்... அதுவும் இன்றைக்குப் பார்த்தா? மேடையில் பெயர் வாசிக்கிற அன்றைக்கு, இன்னொரு பக்கம் அதே பெயரை... அந்த அம்மா யாரிடமாவது காட்டினால்? செயலாளர் காதுக்குப் போனால்? நாளை எழுதுகிறேன். விழா முடியட்டும். நாளை தனியாக, நல்ல காகிதத்தில், வலது கையில் எழுதி அனுப்புகிறேன். சத்தியமாக.

விலக்கு வந்துவிட்டதா? கண்டக்டர், விசிலை ஊதாதீர்கள், டீச்சர் இறங்க வேண்டும். பார்த்து, விடைத்தாள் விழுகிறது. கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தாருங்கள். டீச்சர், கார்டு! அட, சீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறீர்களே. பேனா, உங்கள் பேனா என்னிடம் இருக்கிறது. டீச்சர்! உங்கள் பெயரையாவது...

போய்விட்டார்.

அதோ அந்தப் பெட்டி. அதே இடத்தில் இருக்கிறது, பெயிண்ட்தான் புதுசு. ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னால் நானே இறங்கிப் போட்டுவிட்டு ஏறலாம். மணி மூன்றே முக்கால். தாமதமாகிவிடும்.

நல்ல பேனா. சீராக எழுதும் போலிருக்கிறது.

ஏன் தம்பி, இங்கே காலி சீட்டுதான், உட்காருங்கள். பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். கொன்றையூரில் இருந்தா ஏறினீர்கள்? சொந்த ஊரே அதுதானா? உங்கள் பெயர் என்ன?